அளவு கண்ட மருத்துவர் வில்லியம் விதரிங்

இதய நோயாளிக்கு டிஜாக்சின் மாத்திரை கொடுக்கச் செல்லும் செவிலி, மாத்திரையை நீட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்கிறாள். நோயாளியின் இடது மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, கடிகார முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வரும் வரை இதயத் துடிப்பை எண்ணுகிறாள். கால் நிமிஷம் எண்ணி நான்கால் பெருக்கிக் கொள்ளும் வழக்கம் இம்மருந்துக்கு ஆகாது. வயது வந்தவர்க்குத் துடிப்பு 60-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டருக்குத் தெரிவிக்கிறாள். நம் பல்கலைக் கழகத்தில் செவிலியர் கல்வி பயிலும் தமிழ் மாணவ மாணவியர் இதைப் பாடமாகக் கற்றிருப்பார்கள். பொறியியலும் பொருளாதாரமும் பயிலும் நம் போன்றோர்க்கு இது செய்தி. இவ்விதியின் வேரைத் தேடிப் போனால், ஏறத்தாழ 240 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் வாழ்ந்த ஒரு மருத்துவரின் வீட்டு வாசலில் போய் நிற்போம். அவர் பெயர் வில்லியம் விதரிங்.

விதரிங் 1741-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் ஷ்ராப்ஷயர் மாவட்டத்து வெலிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை எட்மண்டு விதரிங், மருந்து கலந்து கொடுத்து வைத்தியமும் பார்க்கும் தொழிலினர். அத்தகையோரை அந்நாட்டில் அப்பாத்திகரி என்பர். நம் ஊர் நாட்டு மருந்துக் கடைக்காரரும் வைத்தியரும் ஓராளாகச் சேர்ந்தாற்போல என்று வைத்துக் கொள்ளலாம். ஆகவே மருந்தை நிறுத்துக் கொடுக்கும் தராசு சிறுவன் விதரிங்கிற்குப் புதிய பொருளன்று. 1762-இல் எடின்பரோ பல்கலைக் கழகத்தில் சேர்ந்து, 1766-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

இங்கே ஒரு வேடிக்கை. பிற்காலத்தில் ஒரு செடியால் புகழ்பெறப் போகிற இம்மனிதருக்கு மாணவப் பருவத்தில் தாவர நூல் என்றாலே கசப்பு. அப்பாடத்தில் முதல்வராக வருபவருக்குத் தங்கப் பதக்கம் என்று பேராசிரியர் அறிவித்தும் அவர் மனம் அதில் செல்லவில்லை. வீட்டுக்கு எழுதிய கடிதத்திலும் இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பாடத்திட்டத்தில் ஏதேனும் ஒரு பாடத்தை வெறுத்துக்கொண்டே படிக்கும் தோழர்கள் இதைக் கேட்டுச் சற்று ஆறுதல் அடையலாம்.

கசப்பு மாறிய விதம் பேராசிரியரால் அன்று. 1767-இல் ஸ்டாஃபர்டு நகரில் தொழில் தொடங்கிய விதரிங்கிடம் ஹெலினா குக்ஸ் என்ற நங்கை நோயாளியாக வந்தாள். அவள் பூக்களைப் பார்த்து ஓவியம் தீட்டுபவள். நோயில் படுத்திருப்பவள் காட்டுக்குப் போய்ப் பூப் பறிக்க முடியாதல்லவா? மருத்துவரே வயல் வரப்பிலும் வேலியோரத்திலும் அலைந்து செடிகளைக் கொண்டு வந்து கொடுத்தார். செடிகளின் பெயரும் இனமும் மெல்ல மெல்ல அவர் மனத்தில் படிந்தன. 1772-இல் இருவருக்கும் மணமாயிற்று. நான்காண்டு கழித்து, பிரிட்டன் நாட்டில் தாமாக வளரும் செடி கொடிகள் அனைத்தையும் வகைப்படுத்தி அவர் ஒரு பெருநூல் வெளியிட்டார். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் வகுத்த முறையை ஆங்கிலம் மட்டும் அறிந்தோர்க்கும் எட்டச் செய்த நூல் அது. பூவின் ஆண் உறுப்பு, பெண் உறுப்பு என்று எழுதினால் பெண்கள் படிக்கக் கூசுவார்களே என்று அஞ்சி அச்சொற்களுக்கு வேறு சொற்களை இட்டு எழுதினார். அவ்வளவு கூச்சம் தேவையில்லைதான், காலம் அப்படி.

1775-இல் பர்மிங்காமில் வில்லியம் ஸ்மால் என்ற மருத்துவர் இறந்தார். அவ்விடத்துக்கு வருமாறு விதரிங்கைத் தூண்டியவர் எராஸ்மஸ் டார்வின். உயிரினத் தோற்றம் பற்றிப் பின்னாளில் எழுதிய சார்லஸ் டார்வினுக்குப் பாட்டனார் இவர். பர்மிங்காம் அப்போது ஆலைப் புகையும் உலைச் சத்தமுமாக வளர்ந்து கொண்டிருந்த ஊர். நீராவிப் பொறி வல்லுநர் ஜேம்ஸ் வாட், அவருடைய பங்காளி மாத்யூ போல்ட்டன், வாயுக்களை ஆராய்ந்த பிரீஸ்ட்லி முதலியோர் மாதந்தோறும் பௌர்ணமியை ஒட்டிக் கூடி விவாதிக்கும் ஒரு சங்கம் அங்கிருந்தது. இரவில் நிலவொளியில் வீடு திரும்ப வசதியாயிருக்கும் என்பதால் அந்த நாள். அதனால் அதற்குச் சந்திரச் சங்கம் என்றே பெயர். விதரிங்கும் அதில் உறுப்பினரானார். தொழிலில் நல்ல வருவாய் வந்தது. ஆயினும் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார். அப்படி வந்தவர்கள் ஆண்டுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் என்றால், ஒருவரைப் பார்க்க எத்தனை நிமிஷம் கிடைத்திருக்கும் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள். இந்தக் கணக்கு பின்னால் வேண்டியிருக்கும்.

அந்நாளில் மக்களை வாட்டிய நோய்களுள் ஒன்று நீர்வீக்கம். கால் வீங்கும், விரலால் அழுத்தினால் குழி விழும், வயிற்றில் நீர் கோக்கும், நுரையீரலிலும் நீர் தேங்கிப் படுக்க முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணற வேண்டியிருக்கும். பெரும்பாலும் தளர்ந்த இதயமே இதற்குக் காரணம் என்பது அன்று தெளிவாகவில்லை. நீரை இறக்கும் மருந்துகள் சில இருந்தன. அவை பலருக்குப் பயன்படவில்லை.

1775-இல் ஒரு குடும்பத்தாரின் கைமருந்தைப் பற்றி விதரிங்கிடம் கருத்துக் கேட்கப்பட்டது. ஷ்ராப்ஷயரில் ஒரு மூதாட்டி நெடுநாள் இரகசியமாக வைத்திருந்த மருந்து அது. பட்டம் பெற்ற மருத்துவர்கள் கைவிட்ட நீர்வீக்க நோயாளிகளிற் சிலர் அதைக் குடித்து எழுந்து நடமாடினர் என்று கேள்வி. குடித்தவுடன் கடும் வாந்தியும் பேதியும் உண்டாகும் என்றும் சொன்னார்கள். அதில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்திருந்தன. செடிகளைக் கரைத்துக் குடித்தவராகிய விதரிங்கிற்கு, அத்தனையிலும் வேலை செய்யும் மூலிகை ஒன்றே ஒன்றுதான் என்று காண வெகுநேரம் ஆகவில்லை. அது ஃபாக்ஸ்குளோவ். நரியின் கையுறை என்பது அச்சொல்லின் பொருள். 1542-இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபூக்ஸ் இதற்கு டிஜிடாலிஸ் என்று இலத்தீன் பெயரிட்டார். விரல் என்னும் சொல்லடியாகப் பிறந்த பெயர் அது. எள்ளுப் பூவைப் பார்த்தவர்கள், அதையே பெரிதாக்கிச் செந்நீல வண்ணம் பூசி, உள்ளே புள்ளிகள் இட்டு, நெடிய தண்டில் வரிசையாகத் தொங்கவிட்டதாக நினைத்துக் கொண்டால் இப்பூவைக் கண்டவர்களே ஆவர்.

அந்த மூதாட்டிக்கு மதர் ஹட்டன் என்று பெயரிட்டு, விதரிங் அவளிடம் பொன் கொடுத்து இரகசியத்தை வாங்கியதாகக் கதை சொல்வோர் உண்டு. அப்பெயர் விதரிங்கின் எழுத்தில் எங்கும் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் ஒரு மருந்துக் கம்பெனியின் விளம்பரப் படத்திலிருந்து பிறந்த கற்பனை அது. அவளுடைய உண்மைப் பெயர் வரலாற்றில் தங்கவில்லை என்பதே வருத்தமான செய்தி.

மூலிகை இன்னதென்று தெரிந்துவிட்டது. சாதாரண நூல்கள் இவ்விடத்தில் வெற்றி முரசு கொட்டிக் கதையை முடித்துவிடும். என் கருத்தில் விதரிங்கின் உண்மையான உழைப்பு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மூலிகையை மூதாட்டியும் அறிவாள். எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதை அவளும் அறியாள், அவரும் அறியார்.

முதலில் அவர் மிகுதியாகக் கொடுத்தார். மிகுந்த நாட்களும் கொடுத்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஸ்குவில் என்னும் காட்டு வெங்காய மருந்து, குமட்டல் உண்டாகும் அளவுக்குப் போனால்தான் சிறுநீரை நன்றாக இறக்கும். அதே வழக்கம் ஃபாக்ஸ்குளோவுக்கும் பொருந்தும் என்று அவர் எண்ணிவிட்டார். ஒரு மருந்தில் கற்ற பாடத்தை இன்னொரு மருந்தின் தலையில் ஏற்றிய பிழை இது. ஒரு மணி நேரத்தில் அத்தனை ஏழைகளையும் பார்த்து அனுப்பும் அவசரத்தில் ஒவ்வொருவருக்கும் என்ன நேர்ந்தது என்று குறித்து வைக்கவும் இயலவில்லை. இவற்றையெல்லாம் பிறர் கண்டுபிடித்து அவர்மேல் சொன்னார்கள் என்று நினைக்க வேண்டாம். தம் நூலில் தாமே எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு நிகழ்ச்சி. ஊர் ஊராகப் போய் வாணிகம் செய்யும் யார்க்ஷயர்க்காரர் ஒருவரைப் பார்க்க அவரை அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் ஓயாத வாந்தி, கண்பார்வை மங்கல், நாடி நிமிஷத்துக்கு 40. விசாரித்ததில், கணவரின் மூச்சிரைப்பைப் போக்க வேண்டும் என்று மனைவி பச்சை ஃபாக்ஸ்குளோவ் இலையைக் கைநிறைய அள்ளி அரைப் பைன்ட் நீரில் வேகவைத்துக் கொடுத்திருக்கிறாள். அவரும் ஒரே மூச்சில் குடித்திருக்கிறார். அரைப் பைன்ட் என்பது நம் கணக்கில் ஒரு பெரிய டம்ளர். அந்த மனிதர் மயிரிழையில் பிழைத்தார். அந்த நல்ல பெண்மணிக்குத் தன் நாட்டு மருந்து தெரிந்திருந்தது, அளவு தெரியவில்லை என்று விதரிங் கோபமின்றி எழுதியிருக்கிறார். பாட்டி சொன்ன கஷாயத்தை அன்பு மிகுதியால் இரட்டிப்பாக ஊற்றிக் கொடுக்கும் வீடுகள் நம்மிடையிலும் இல்லையா?

அளவைக் காண வேண்டுமானால் அளக்கும் பொருள் முதலில் ஒரே தன்மையாக இருக்க வேண்டும். வேரைப் பயன்படுத்தினால் பருவத்துக்குப் பருவம் வீரியம் மாறியது. ஆகவே வேரை விட்டார். இலையையும் கண்ட காலத்தில் பறித்தால் வீரியம் ஒரு நிலையில் நிற்கவில்லை. செடி பூக்கும் சமயத்தில் பறிப்பது என்று வரையறுத்தார். பச்சை இலையில் நீர் எவ்வளவு என்று யார் கண்டது? காய வைத்துப் பொடி செய்தார். கஷாயமாகக் கொதிக்க வைத்தால் கொதிக்கும் நேரத்துக்குத் தக்கபடி குணம் வேறுபட்டது. கொதிநீரை ஊற்றி ஊற வைக்கும் முறைக்கு மாறினார். இறுதியில், பெரியவர்களுக்கு உலர்ந்த இலைப்பொடி ஒரு கிரெய்ன் முதல் மூன்று கிரெய்ன் வரை நாளைக்கு இருமுறை என்று வந்து நின்றார். ஒரு கிரெய்ன் 65 மில்லிகிராம். குன்றிமணியின் எடையில் ஏறத்தாழப் பாதி. கைநிறைய அள்ளிய இலை எங்கே, அரைக் குன்றிமணி எங்கே!

அளவு கண்டாலும் போதவில்லை. ஒருவருக்குச் சரியான அளவு மற்றவருக்கு மிகையாகிறது. இதற்கு அவர் கண்ட வழிதான் இன்றும் மருத்துவமனைகளில் உயிரோடிருக்கிறது. சிறுநீர் பெருகினாலும், வயிற்றில் குமட்டல் தோன்றினாலும், நாடி தளர்ந்தாலும், பேதி கண்டாலும், இந்நான்கில் எது முதலில் வருகிறதோ அப்போதே மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்று விதித்தார். நான்கும் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. மிகையானால் என்ன நேரும் என்பதையும் மறைக்கவில்லை: வாந்தி, தலைசுற்றல், பொருள்களெல்லாம் பச்சையாகவோ மஞ்சளாகவோ தோன்றும் பார்வைக் குழப்பம், 35 வரை இறங்கும் நாடி, குளிர்ந்த வியர்வை, வலிப்பு, மயக்கம், மரணம்.

இன்னொன்றையும் கவனித்தார். இம்மருந்தின் விளைவு உடனே தெரிவதில்லை. முதல் வேளை மருந்து தன் வேலையைக் காட்டுமுன் இரண்டாம் வேளை, மூன்றாம் வேளை என்று கொடுத்துக் கொண்டே போனால், அறிகுறி தோன்றும்போது உடம்புக்குள் ஏற்கெனவே அளவு மீறிப் போயிருக்கும். அதன்பின் குமட்டல் விட்டு விட்டு மூன்று நான்கு நாள் வரை தொல்லை கொடுக்கும். இதன் காரணம் நமக்கு இன்று தெரியும். டிஜாக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே, சிறுநீரகம் நன்றாக இருப்பவர்க்கும் ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகிறது. செந்நீல ஃபாக்ஸ்குளோவ் இலையில் உள்ள டிஜிடாக்சினுக்கு இன்னும் பல நாள். இந்த இரசாயனம் ஏதுமறியாமல், கட்டிலருகே உட்கார்ந்து பார்த்தே அவர் இவ்வளவும் அறிந்தார்.

மருந்து யாருக்குப் பயன்படும் என்பதிலும் அவர் கண் கூர்மையானது. நாடி பலவீனமாகவோ விட்டு விட்டோ அடித்து, முகம் வெளுத்து, உதடு நீலம் பாய்ந்து, உடல் குளிர்ந்திருப்பவர்களுக்கு நீர் நன்கு இறங்குகிறது என்று எழுதினார். இன்றைய டாக்டர் படித்தால் இது இதயம் தளர்ந்தவரின் படமல்லவா என்பார். விதரிங் இதை நீர் இறக்கும் மருந்தாகவே கருதினார். ஆனாலும் இதயத்தின் இயக்கத்தின்மேல் வேறெந்த மருந்துக்கும் இல்லாத ஆற்றல் இதற்கு இருக்கிறது என்று குறித்து வைக்கத் தவறவில்லை.

இதற்கிடையே மருந்தின் பெயர் பரவிவிட்டது. 1783-இல் எடின்பரோ மருந்து நூலில் டிஜிடாலிஸ் இடம்பெற்றது. பலர் கண்டபடி அள்ளிக் கொடுக்கத் தொடங்கினர். இனியும் வாளாவிருந்தால் ஒன்று மக்கள் மடிவார்கள். அல்லது இவ்வளவு நல்ல மருந்தை ஆபத்தானதென்று உலகம் தூக்கி எறிந்துவிடும் என்று அஞ்சி, பத்தாண்டு அனுபவத்தைத் தொகுத்து 1785-இல் ஃபாக்ஸ்குளோவ் பற்றிய தம் நூலை வெளியிட்டார். தாம் மருந்து கொடுத்த 163 பேரின் வரலாறு அதில் உள்ளது. பயன் பெற்றவர், பெறாதவர், மருந்து தந்திருக்கவே கூடாதவர், இறந்தவர் எல்லாரும் வரிசையாக இருக்கிறார்கள். நல்லவற்றை மட்டும் பொறுக்கிப் போட்டிருந்தால் மருந்துக்கும் அவருக்கும் புகழ் இன்னும் எளிதாகச் சேர்ந்திருக்கும். அதை அவரும் அறிந்தே மறுத்தார்.

இதில் ஒரு மனக்கசப்பும் நேர்ந்தது. 1776 ஜூலையில் எராஸ்மஸ் டார்வின் தம்மால் இயலாத ஒரு நோயாளிக்காக விதரிங்கை ஆலோசனைக்கு அழைத்தார். விதரிங் ஃபாக்ஸ்குளோவைச் சொன்னார். அந்த அம்மையார் தேறினார். டார்வினோ 1780-இல், இளமையில் இறந்த தம் மகனின் ஆய்வுரையை அச்சிட்டபோது அதன் பின்னிணைப்பில் இதையும் வேறு சிலரின் வரலாறுகளையும் சேர்த்தார். விதரிங்கின் பெயரைச் சொல்லவில்லை. பர்மிங்காமுக்கு அழைத்து வந்த நண்பரே இப்படிச் செய்ததை என்னென்பது! இருவரின் நட்பும் மீளவில்லை.

எஞ்சிய வாழ்வை விரைவாகச் சொல்லிவிடலாம். 1785-இலேயே ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அவர் ஆராய்ந்த ஒரு பேரியக் கனிமத்துக்கு விதரைட் என்று அவர் பெயரே வழங்குகிறது. 1791-இல் பர்மிங்காமில் கலகம் மூண்டு பிரீஸ்ட்லியின் வீடு தீக்கிரையானபோது விதரிங் குடியிருந்த எட்ஜ்பாஸ்டன் மாளிகையும் கலகக்காரரின் மிரட்டலுக்கு உள்ளாகித் தப்பியது. காசநோய் அவரை நெடுங்காலம் அரித்து வந்தது. குளிருக்கு அஞ்சி இரண்டு பனிக்காலங்களை லிஸ்பன் நகரில் கழித்தார். அங்கும் சும்மா இருக்கவில்லை. ஒரு வெந்நீர் ஊற்றின் நீரைப் பகுத்தாராய்ந்தார். 1799 அக்டோபர் 6-ஆம் நாள், 58-ஆம் வயதில் காலமானார். எட்ஜ்பாஸ்டன் பழைய தேவாலயத்தில் உள்ள அவருடைய நினைவுக் கல்லில் ஃபாக்ஸ்குளோவ் செதுக்கப்பட்டுள்ளது.

அவர் கண்ணை மூடிய பின் நூலின் முதற் பாதி நினைவிலிருந்தது, பின் பாதி மறந்து போயிற்று. காசத்துக்கும் காய்ச்சலுக்கும் சித்தப் பிரமைக்குங்கூட டிஜிடாலிஸைக் கொடுத்தார்கள். இலைக்கு இலை வீரியம் மாறும் தொல்லையும் நீடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தவளைக்கும் பூனைக்கும் செலுத்திப் பார்த்து வீரியத்தை மதிப்பிட்டார்கள். நம் நாட்டில் மருந்துகளின் தரம் பற்றி ஆராய ராம்நாத் சோப்ராவின் தலைமையில் 1930-இல் குழு அமைந்ததும், அதன் பயனாக 1940-இல் மருந்துச் சட்டம் வந்ததும் இதே கவலையின் தொடர்ச்சி எனலாம். அதே 1930-இல்தான் இங்கிலாந்தில் சிட்னி ஸ்மித் என்ற இரசாயன அறிஞர், மயிரடர்ந்த வேறொரு ஃபாக்ஸ்குளோவ் இனத்திலிருந்து டிஜாக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். அதன் பிறகு இலை போய் மாத்திரை வந்தது. எடை ஒரே நிலையில் நின்றது.

எடை நின்றதே தவிர ஆபத்து நீங்கிவிடவில்லை. வழக்கமான மாத்திரையில் இருப்பது 0.25 மில்லிகிராம். குணம் தரும் அளவுக்கும் கேடு தரும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு இதுவே மிகையாகலாம். நீர் இறக்கும் வேறு மாத்திரைகளைச் சேர்த்துத் தின்பவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். அப்போது வழக்கமான அளவே நஞ்சின் வேலையைச் செய்யும். காலையில் ஒரு கிழவர் தோசை வேண்டாம், வயிறு புரட்டுகிறது என்று தட்டைத் தள்ளினால், வெள்ளைச் சுவர் மஞ்சளாகத் தெரிகிறது என்றால், அதை முணுமுணுப்பென்று விட்டுவிடாமல் குறிப்பேட்டில் எழுதி டாக்டரிடம் சொல்ல வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் செவிலியரே. டாக்டர் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வந்து போவார். விதரிங் சொன்ன நான்கு குறிகளும் அவர் வரும் நேரம் பார்த்துத் தோன்றுவதில்லை.

நம் ஊர் வேலியோரத்து மஞ்சள் அரளியும் இதே குடும்பத்து நஞ்சை விதையில் வைத்திருக்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அரளி நஞ்சால் மருத்துவமனைக்கு வருவோரிடம் அந்த யார்க்ஷயர் வணிகரிடம் கண்ட வாந்தியையும் தளர்ந்த நாடியையும் காணலாம். டிஜாக்சின் மிகையானால் முறிக்கும் எதிர்ப்பொருள் மருந்து அரளி நஞ்சையும் முறிப்பதாக இலங்கையில் நடந்த ஆய்வு காட்டியது. விலைதான் எட்டாத உயரம்.

குழந்தைகள் பிரிவில் எச்சரிக்கை இன்னும் கூடுதல். அங்கே அளவு மைக்ரோகிராமில் வரும். ஒரு மில்லிகிராம் ஆயிரம் மைக்ரோகிராம். புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தால் மருந்து பத்து மடங்காகிவிடும், ஆகையால்தான் 0.5 என்று எழுதும்போது முன்னே சுழி கட்டாயம் வேண்டும் என்றும், 5 என்று எழுதும்போது பின்னே புள்ளியும் சுழியும் கூடாது என்றும் கற்பிக்கிறார்கள். குழந்தையின் எடையை அன்றே நிறுத்து, ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் பாராமல் இருவர் தனித்தனியே கணக்கிட்டு, இரண்டு விடையும் ஒத்த பின்னரே மருந்தைக் குழலில் எடுப்பார்கள். கைக்குழந்தைக்கு 60 என்ற வரம்பு பொருந்தாது. அதன் இதயம் இயல்பாகவே விரைந்து துடிப்பது. ஆகவே நிறுத்த வேண்டிய எண்ணும் நூறை ஒட்டி, வயதுக்குத் தக்கபடி டாக்டர் எழுதி வைத்ததாக இருக்கும். அங்கும் எண்ணுவது ஒரு முழு நிமிஷம், காதில் குழாயை மாட்டிக்கொண்டு, குழந்தை அழுகையை நிறுத்திய பிறகு.